கோலாலம்பூர் செந்தூல் ஃப்ளாட்ல என் கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் செட்டப், ரெண்டு பிரச்சனைக்கு வழி சொல்லுங்க

இரவுஷிப்ட்:
வணக்கம் அண்ணனுங்களே, ரெண்டு வருசமா உங்க செட்டப் படத்தையெல்லாம் பாத்துப் பாத்து ஏங்கிட்டு இருந்தவன், இன்னைக்குத்தான் என்னோடதையும் காட்டுற அளவுக்கு வந்திருக்கேன். 10க்கு 10 அடி ரூம், அக்கா கல்யாணமாகிப் போனப்புறம் எனக்குக் கிடைச்சது. ரைசன் 5 5600, 32 ஜிபி ரேம், 27 இஞ்ச் மானிட்டர், எல்லாம் சம்பளம் வந்ததும் லோ யாட் கம்ப்யூட்டர் மாலுக்குப் போய் மாசத்துக்கு ஒரு சாமானா வாங்குனது. மேசை மட்டும் அப்பா பழைய கட்டில் பலகையில செஞ்சு கொடுத்தாரு, இந்த ரூம்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். போன மாசம் யமஹா எச்எஸ்5 ஸ்பீக்கர் ஒரு ஜோடி செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சுச்சு.

இப்ப பிரச்சனை. பாட்ட நிப்பாட்டுனா ஸ்பீக்கர்ல ங்ங்ங்னு ஒரு இரைச்சல், கேம் ஓப்பன் பண்ணா அதோட கீச்சுக்கீச்சுன்னு இன்னொண்ணு, மௌஸ நகர்த்துனாக்கூட கேக்குது. மதர்போர்டு பின்னாடி இருக்குற பச்சை ஓட்டையிலேருந்து நேரா ஸ்பீக்கருக்கு ஒயர் போட்டிருக்கேன். இன்னொண்ணு, நாற்காலில உக்காந்தா பேஸ் (அந்த அடி கனமான சத்தம்) சுத்தமா இல்ல, ஆனா பின் சுவர ஒட்டி இருக்குற கட்டில்ல படுத்துக் கேட்டா, தைப்பூசத்துக்குப் பத்துமலையில கூட்டாளி நல்ல ரெக்கார்டர்ல பிடிச்ச உறுமி மேளம் நெஞ்சுல வந்து இடிக்குது. பேஸுக்குன்னே தனியா வர்ற சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்கிடலாமா? 800 வெள்ளி (ரிங்கிட்) சேத்து வச்சிருக்கேன். கீழ் வீட்டுல வயசான மக்சிக் (மலாய்க்கார அம்மா) ஒருத்தவங்க இருக்காங்க, அதான் யோசனை.

பாயான்லெப்பாஸ்டெக்:
ப்ரோ அந்த மேசை செம அழகு லா, ஓரத்துல இழைச்சிருக்குறத ஜூம் பண்ணிப் பாத்தேன்.

மௌஸ் நகர்த்துனா சத்தம் மாறுதுன்னு சொன்னீங்களே, அதுலயே பதில் வந்துருச்சு, அது ஸ்பீக்கர் கோளாறு இல்ல, கிரவுண்ட் லூப். உங்க பிசிக்கும் மூணு கால் பிளக்கு, ஸ்பீக்கருக்கும் மூணு கால் பிளக்கு, ரெண்டும் சுவர்ல எர்த்துல சேருது, அது போதாதுன்னு ஆடியோ ஒயரோட மேல் வலையும் ரெண்டையும் சேக்குது, ஆக ஒரு வளையம் ஆயிருச்சு. அந்த வளையத்துல ஓடுற கரண்ட் பாட்டோட கலந்து வருது. ங்ங்ங்னு வர்றது நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டும் அதோட மடங்கான 100ம், கீச்சு வர்றது கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யும்போது வர்றது. சந்தேகமிருந்தா பிசி பக்கம் மட்டும் ஒயர உருவிப் பாருங்க, நின்னுரும்.

முதல்ல பிசியையும் ரெண்டு ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல மாட்டுங்க, காசே ஆகாது, பாதி குறையலாம். மீதிக்கு டிஆர்எஸ் (மூணு தொடர்பு இருக்குற பின்னு) அவுட்புட் இருக்குற ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது பிசிக்கு வெளிய வைக்கிற சவுண்ட் பெட்டி, வாங்கி பேலன்ஸ்டு கேபிள் போடுங்க. அதுக்குள்ள ரெண்டு கம்பி ஒரே பாட்ட எதிரும் புதிருமா கொண்டு போகும், வழியில ஏறுன இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும், ஸ்பீக்கர் ஒண்ணுலேருந்து இன்னொண்ணக் கழிக்கும்போது பாட்டு மட்டும் நிக்கும்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், யாராச்சும் எர்த் கால கழட்டிரு சத்தம் போயிரும்னு சொல்லுவாங்க, போகத்தான் செய்யும், ஆனா உள்ள ஒயர் ஏதாச்சும் விட்டுப்போய் தகரத்துல பட்டுச்சுன்னா முழு கரண்டும் தொடுற உங்க கையிலதான். செய்யவே செய்யாதீங்க.

பட்டர்வொர்த்காரன்:
தம்பி, சப்வூஃபர் வாங்காதீங்க, இப்போதைக்கு அந்தக் காசு பத்திரமா இருக்கட்டும். உங்களுக்குப் பேஸ் குறைவு இல்ல, நீங்க உக்காந்திருக்குற இடத்துல அது இல்ல, அவ்வளவுதான். 10 அடின்னா 3.05 மீட்டர், சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் போகுது, ரூம் நீளத்தோட ரெட்டிப்பால வகுத்தீங்கன்னா 56 ஹெர்ட்ஸ் வரும், அந்த பேஸ் அலைதான் ரெண்டு சுவருக்கும் நடுவுல மோதி மோதி மாட்டிக்கும். அந்த அலை சுவர் ஓரத்துல கொழுத்து நிக்கும், நட்ட நடுவுல செத்துப்போயிரும். படத்துல பாத்தா உங்க தலை நடு ரூமுக்குக் கிட்டத்தான் இருக்கு, கட்டில் சுவரோரம். அதான் உறுமி அங்க இடிக்குது இங்க காணோம். நீளமும் அகலமும் ஒரே அளவா இருக்குற ரூம்ல இது ரெண்டு மடங்கு தொல்லை. அதே நாற்காலில உக்காந்துக்கிட்டு சப்வூஃபர் போட்டாலும் அந்த 56 உங்களுக்குக் கேக்காது, கீழ மக்சிக்குக்குத்தான் கேக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். மேசை இப்ப மூலையில இருக்கு, அத சுவருக்கு நடுவுல நகத்துங்க, இல்லாட்டி இடது ஸ்பீக்கருக்கு மட்டும் மூலை பேஸ் ஏத்திவிடும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் 90 செண்டிமீட்டர் இடைவெளி, உங்க காதுக்கும் ஒவ்வொண்ணுக்கும் அதே 90, ட்வீட்டர் (மேல இருக்குற சின்ன ஸ்பீக்கர்) காது உயரம். காது முன் சுவர்லேருந்து சுமார் 115 செண்டிமீட்டர்ல வரட்டும், ரூம் நீளத்துல நூத்துக்கு 38 பங்குன்னு ஒரு பழைய கணக்கு, அங்கேருந்து முன்ன பின்ன நகந்து காதால முடிவு பண்ணுங்க. எச்எஸ்5 பின்னாடி ரூம் கண்ட்ரோல்னு ஒரு சுவிட்ச் இருக்கும், சுவரோரம் வச்சு கொழகொழன்னு கேட்டா மைனஸ் 2ல போடுங்க. முட்டை அட்டை ஒட்டாதீங்க, பேஸுக்கு அது ஒண்ணும் செய்யாது. 4 இஞ்ச் ராக்வூல் (கல்லுல செஞ்ச பஞ்சு) பலகைய பழைய பாத்தேக் துணில சுத்தி மூலையில நிறுத்துனா பலன் இருக்கும், கையாளும்போது கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கோங்க.

பழையஆம்ப்:
நானும் என்னோடத காட்டிக்கிறேன். ஜார்ஜ் டவுன்ல பழைய வீடு, அப்பா வச்சிருந்த பெரிய ஸ்பீக்கர் ரெண்டும் இன்னும் பாடுது. இடையில ஒரு தடவ, கோன் (அதிருற புனல்) சுத்தி இருக்குற ஸ்பான்ஜ் வளையம் கைய வச்சா பொடியா கொட்டிருச்சு, இங்க கடல் காத்து, ஈரம், ஸ்பான்ஜ் தாங்காது. புது வளையம் வாங்கி நானே ஒட்டுனேன், கோன நடுவுல நிறுத்தறதுக்கே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு, லேசா சாஞ்சாலும் காயில் உரசும். அப்பா இருந்தப்ப காலையில மின்னல் எஃப்எம் ஓடுற நேரத்துல இதுக்கு முன்னாடி உக்காந்துதான் காப்பி குடிப்பாரு. ரப்பர் வளையம் ரொம்ப வருசம் தாங்கும், தம்பி உங்களோடது தப்பிச்சுரும். ஆனா சாயங்காலம் இடி வந்தா பிளக்க உருவிடுங்க, சுவிட்ச் மட்டும் அணைச்சா பத்தாது. பிசிக்கு லேன் கேபிள் போட்டிருந்தா அதையும் சேத்து.

இரவுஷிப்ட்:
அண்ணனுங்களே, நேத்து சனிக்கிழமை முழுக்க இதே வேலை. ஒரே எக்ஸ்டென்ஷன்ல மாட்டுனதும் ங்ங்ங் பாதிக்கு மேல போயிருச்சு, கீச்சு மட்டும் இருந்துச்சு, சாயங்காலம் 400 வெள்ளிக்குள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் இன்டர்ஃபேஸும் ரெண்டு டிஆர்எஸ் கேபிளும் வாங்கிட்டு வந்து மாட்டுனேன். ட்வீட்டர்ல காத வச்சாத்தான் லேசா ஸ்ஸ்னு கேக்குது. மேசைய நகத்த அப்பாவும் வந்து கை கொடுத்தாரு, நாற்காலிய ஒரு முழம் முன்னால இழுத்ததுக்கே உறுமி வந்துருச்சு, அதுவும் இடி மாதிரி இல்லாம, குச்சி தோல்ல இழுபடுற அந்த ஊம்ங்குற இழுப்போட. அப்பா பின்னாடி நின்னுக்கிட்டே முழுசா கேட்டாரு. ராக்வூல் அடுத்த மாசம். துணி அம்மா எடுத்து வச்சுட்டாங்க, பச்சைப் பூ போட்டது.

பட்டர்வொர்த்காரன்:
பலகை செஞ்சதும் படம் போடுங்க தம்பி. அப்பாவுக்கும் ஒரு நாற்காலி அந்த 115 செண்டிமீட்டர் இடத்துல போட்டுக் கொடுங்க, பின் சுவரோரமா நின்னு கேட்டிருந்தா அவருக்குப் பேஸ்தான் தூக்கலா கேட்டிருக்கும்.