எம் மோடில் ஷட்டரை மாற்றினாலும் படம் மாறவில்லை, அவசர உதவி

கத்ர்போர்ன்_கதிர்:
வணக்கம். புது கேமரா. எல்லாவற்றையும் நாமே கையால் அமைக்கும் எம் மோடில் ஷட்டரை எவ்வளவு திருப்பினாலும் படம் ஒரே மாதிரிதான் வருகிறது. முகமெல்லாம் கருப்பு. தைப்பூசம் நெருங்கிவிட்டது, இங்கே மொரீஷியஸில் கோர் தெ கார்ட் மலைக் கோவிலில் காவடி எடுக்கிறவர்களைப் படம் பிடிக்க வேண்டும். கேமரா பழுதா?

மீன்கொத்தி:
எந்த கேமரா, எந்த லென்ஸ்? வெயிலா, நிழலா? எண்கள் என்ன? எதுவுமே சொல்லவில்லையே தம்பி.

டர்பன்_தாத்தா:
லென்ஸைக் கழற்று. பின்பக்கம் வரிசையாகச் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும், உலர்ந்த துணியால் துடை. எனக்கு வந்த கோளாறெல்லாம் அங்கேதான் தீர்ந்தது.

ஒளிவேந்தன்:
ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு, அதுதான் எப் எண்), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமராவின் உணர்திறன்) மூன்றும் தெரியாமல் எம் மோடைத் தொடக் கூடாது. பெட்டியிலேயே கையேடு இருக்கிறது, பிரித்துப் பார்க்கலாம். நல்ல வெயிலா? எப்/16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100. ஒளியை அளக்கும் மீட்டரே வேண்டாம். பிலிம் காலத்தில் அப்படித்தான் எடுத்தோம்.

கத்ர்போர்ன்_கதிர்:
மதியம், வீட்டு வாசலில். எப்/8. 1/500, 1/1000, 1/2000 மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தம்பியைக் காவடி வளைவுக்குக் கீழே நிறுத்தி எடுத்தேன். லென்ஸ் கூடவே வந்தது.

மீன்கொத்தி:
அப்படிச் சொல்லுங்கள். அந்த மூன்று படங்களின் விவரப் பக்கத்தில் ஐஎஸ்ஓவைப் பாருங்கள். 100, 200, 400 என்று ஏறியிருக்கும். ஐஎஸ்ஓவைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓ ஓடுகிறது. நீங்கள் ஷட்டர் நேரத்தைப் பாதியாக்க, அது ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கிக் கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறது. மெனுவில் அதை அணைத்து 100இல் நிறுத்துங்கள்.

முகம் கருப்பது வேறு சங்கதி. தைப்பூச சமயத்தில் நம் ஊர் மதியச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. வளைவின் நிழல் முழுக்க முகத்தில் விழும், பின்னால் பளீரென்று வானம். மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முகம்தான் பலி. அதே எப்/8இல் 1/125 வையுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

டர்பன்_தாத்தா:
வானத்தை ஏன் விட வேண்டும்? எப்/11, 1/200, கூடவே பிளாஷ். கேமராவிலேயே இருக்கும் சின்ன பிளாஷ் தூரம் எட்டாது, நன்றாகக் கிட்டே போ.

ரோஸ்ஹில்_அக்கா:
விரதமிருந்து, நாக்கில் வேல் குத்தி, வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து வருகிறவர் முகத்தில் பிளாஷா? என் வீட்டுக்காரர் காவடி எடுத்தபோது இப்படித்தான் ஒருவர் குறுக்கே வந்து நின்றார். எனக்கு வந்த கோபம் முருகனுக்குத்தான் தெரியும்.

டர்பன்_தாத்தா:
நாங்களும் காவடி எடுக்கிறவர்கள்தான் அம்மா. கேட்டுவிட்டு எடுத்தால் என்ன தப்பு?

ரோஸ்ஹில்_அக்கா:
நாக்கில் வேலோடு அவர் எப்படிப் பதில் சொல்வாராம்?

ஒளிவேந்தன்:
தலைப்பை விட்டு விலகுகிறோம். நான் சொன்ன எப்/16 பற்றி யாரும் பேசவில்லை.

மீன்கொத்தி:
அது வெயில் நேரே விழும் பொருளுக்கு, ஐயா. முகம் நிழலில் அல்லவா இருக்கிறது?
கதிர், இன்னொன்று. அன்றைக்கு எங்கு பார்த்தாலும் அடர் ரோஜா நிறத் துணிதான். வெயிலில் அதில் சிவப்பு முதலில் எல்லை தாண்டும், மடிப்பெல்லாம் மறைந்து ஒரே பூச்சாகிவிடும். கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள்.

கத்ர்போர்ன்_கதிர்:
100, 200, 400தான்! அணைத்தேன், இப்போது மாறுகிறது. நன்றி. அம்மா கூப்பிடுகிறார், அப்புறம் வருகிறேன்.

ரோஸ்ஹில்_அக்கா:
தம்பி, மதியம் வரை காத்திருக்காதே. ஊர்வலம் கிளம்பும்போதே ஆற்றங்கரைக்குப் போய்விடு. காலை வெயில் சாய்வாக விழும், வளைவுக்குள்ளும் முகம் தெரியும். பால்குடக்காரர்களையும் விட்டுவிடாதே.