பதினைந்து வயது மகன் நண்பர்களுடன் பழகுவதே இல்லை: இது இயல்பா, கவலைப்பட வேண்டியதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 15 வயது ஆகிறது. பள்ளியிலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விடுவான்; தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பான். அட்டையை வெட்டிப் பாலங்களும் கட்டடங்களும் செய்வதுதான் அவனுக்குப் பிடித்த வேலை. ஒரு பாலத்தின் தூண் அரை விரற்கடை சாய்ந்துவிட்டது என்று மூன்று முறை பிரித்து ஒட்டியதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். படிப்பில் குறையில்லை. நண்பன் என்று சொல்ல ஒரே ஒரு பையன் இருக்கிறான். அவனோடும் வாரத்தில் ஒரு நாள் இணையத்தில் சதுரங்கம் ஆடுவதோடு சரி.

சென்ற மாதம் அவனுடைய பிறந்தநாளுக்கு அவனைக் கேட்காமலேயே வகுப்புத் தோழர்கள் நான்கு பேரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். வந்தவர்களிடம் முகம் சுளிக்காமல் பேசினான், சிரித்தான். அவர்கள் போனபின் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவன், இரண்டு நாட்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "விட்டுவிடு, தானாகச் சரியாகிவிடும்" என்கிறார் கணவர். உறவினர்களோ அவன் காதுபடவே "உம்மணாமூஞ்சி" என்கிறார்கள். நாளை நாங்கள் இல்லாத காலத்தில் இவன் தனியாளாக நின்றுவிடுவானோ என்ற பயத்தில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இவனை மாற்ற முயல வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா?

முதல் மறுமொழி

சகோதரி, உங்கள் மகனைப் போலவே வளர்ந்தவன் நான் என்பதால் எழுதுகிறேன். நாள் முழுவதும் நாற்பது பேருடைய குரல்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வரும்போது என் மண்டைக்குள் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தால்தான் அது அடங்கும். அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது "என்ன நடந்தது பள்ளியில்?" என்று கேட்டால், அன்பாகக் கேட்டாலும்கூட, எனக்கு அழுகை வரும். அது அவர்கள் மேல் இருந்த வெறுப்பு அன்று; பதில் சொல்லும் தெம்பு மிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

என் அம்மா ஒன்று செய்வார். துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் மடித்துக்கொண்டிருப்பார். நானும் ஒன்றிரண்டை எடுத்து மடிப்பேன். பாதித் துணி முடிவதற்குள் என்னை அறியாமலேயே நான் பேசத் தொடங்கியிருப்பேன். என் பள்ளிக் காலத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அப்படித்தான் தெரிந்தது.

உறவினர்கள் வைக்கும் பட்டப்பெயரை மட்டும் நீங்கள் உடனே தடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் ஒரு பெயர் இருந்தது. அது தவறு என்று வீட்டில் ஒருவராவது எனக்காகச் சொல்லமாட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் பார்ப்பேன்.

இரண்டாம் மறுமொழி

நான் பள்ளிப் பிள்ளைகளுடன் பணிபுரியும் மனநல ஆலோசகர். உள்முக இயல்பு (தனிமையில் தெம்பு பெறுவது), கூச்சம் (புதியவர்களிடம் தயங்குவது), சமூகப் பதற்றம் (மற்றவர்கள் தன்னை எள்ளுவார்களோ என்ற அச்சம்) ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கவலை பெரிதாகிறது. உள்முகம், வெளிமுகம் என்ற பாகுபாட்டை 1921இல் விரிவாக எழுதிய சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங், அதை ஒரு நோயாகக் கருதவில்லை; மனத்தின் ஆற்றல் தனக்குள் திரும்புகிறதா, வெளியுலகை நோக்கித் திரும்புகிறதா என்பதையே சொன்னார். பின்னர் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகன், நான்கு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதிய ஒலிகளையும் அசையும் பொம்மைகளையும் காட்டியபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுததைக் கண்டார். அத்தகைய குழந்தைகளே பிற்காலத்தில் புதியவர்களிடம் ஒதுங்கி நிற்பது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஆகவே, இதில் பிறவியிலேயே வருகிற பங்கும் உண்டு. நீங்கள் வளர்த்த முறையில் ஏதோ பிழை என்று உங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது, அவன் தனிமையை விரும்பி எடுத்துக்கொள்கிறானா, அல்லது பயந்து அதற்குள் ஒளிகிறானா என்பதைத்தான். விரும்பி எடுத்துக்கொள்கிற பிள்ளை அறையை விட்டு வெளியே வரும்போது தெளிவாக இருக்கும். பயந்து ஒளிகிற பிள்ளைக்கோ நண்பர்களோடு சேர ஆசை இருக்கும். ஆனால், தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் வகுப்பில் வாய் திறக்காது, பள்ளி நாளன்று காலையில் வயிற்றுவலி என்று படுத்துவிடும். பெரியவர்களிடம் மட்டுமல்லாமல் சம வயதினரிடமும் அத்தகைய அச்சம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. அதில் பயப்படும் சூழல்களைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். கேட்காமல் நான்கு பேரை வீட்டுக்கு அழைப்பது அந்த வகையில் சேராது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது, மனம் ஒத்த ஒரு நண்பனும் மணிக்கணக்கில் ஈடுபட ஒரு வேலையும் அவனுக்கு இருக்கின்றன. அது சிறிய செய்தி அன்று. இருந்தாலும், உறக்கம் கெடுவது, பிடித்த வேலையையே கைவிடுவது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் தாமதிக்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு சோகமாக அல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படும்.

மூன்றாம் மறுமொழி

மேலே எழுதியவர்களோடு உடன்படுகிறேன். ஆனால், "இயல்பு" என்ற சொல்லின் பின்னால் ஒரு தகப்பனாக நான் ஒளிந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். என் மகளும் அமைதியானவள்தான். எனினும் 14 வயது வரை அவளுக்கு இரண்டு மூன்று தோழிகள் இருந்தார்கள். பிறகு அந்தப் பெயர்கள் வீட்டில் கேட்பது நின்றுபோனது. வயதுக் கோளாறு என்று நான் விட்டுவிட்டேன். ஒருநாள் இரவு அவளைக் காரில் அழைத்து வரும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தபடியே, வகுப்புத் தோழிகள் தன்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன என்று சொன்னாள். ஐந்து மாதங்கள் அவள் இடைவேளைகளில் நூலகத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதைப் படிப்பார்வம் என்று நான் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனவே நண்பர்கள் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள். முன்பு இருந்த ஏதாவது இப்போது இல்லாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மகன் சிறு வயதிலிருந்தே இப்படியா, அல்லது அண்மையில்தான் இப்படி ஆனானா என்பதை நீங்கள் எழுதவில்லை.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வயதிலிருந்தே இப்படித்தான். விளையாட்டுத் திடலில் மணலைக் குவித்தபடி ஓரமாக உட்கார்ந்திருப்பான். பள்ளிக்குப் போக ஒருநாளும் அடம்பிடித்ததில்லை. ஆனாலும், இடைவேளையில் யாருடன் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது என்பதை உங்கள் பதிலைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

நேற்று அவன் அட்டை வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக் கொடுத்தேன். பிறந்தநாளன்று உன்னைக் கேட்காமல் செய்தது தவறு என்று சொன்னேன். நெடுநேரம் கழித்து, "நாலு பேர் வேண்டாம்மா, ஒருத்தன் வந்தா போதும்" என்றான். அந்தச் சதுரங்க நண்பனை அழைக்கலாமா என்று கேட்டதற்கு, தானே அவனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். இன்னும் சொல்லவில்லை, நானும் நினைவூட்டவில்லை.