நேட்டாலுக்குப் போனவரைத் தேட வழி சொல்லுங்கள்

வணக்கம். என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் வட ஆற்காட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர், அப்புறம் தகவலே இல்லை. வீட்டிலிருக்கும் பழைய பாகப் பத்திரத்தில் "நேட்டாலில் இருக்கும் மூத்தவர் பங்கு" என்று ஒரே ஒரு வரி. 1860 முதல் 1911 வரை போன கப்பல்களின் பட்டியலில் ஆளுக்கொரு எண், அப்பா பெயர், வயது, ஜில்லா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள், டர்பன் காந்தி-லுதுலி ஆவண மையம் அதை இணையத்தில் ஏற்றியதும் தெரியும். ஆனால் பெயரைப் போட்டால் அதே பெயரில் ஏகப்பட்ட பேர், ஊர்ப் பெயரோ குமாஸ்தா காதில் விழுந்தபடி இருக்கிறது. ஊரை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறீர்களா? ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி தேடும் இணையதளத்தில் உள்ள நேட்டால் திருமண, இறப்புப் பதிவுகளை இந்தப் பட்டியலோடு எப்படி இணைப்பது? அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அந்தக் கிளையில் ஒருவரோடாவது அவரைப் பேச வைக்க வேண்டும். டர்பன் பக்கம் உறவு உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள்.