கொண்டைய ராஜு காலண்டர் படத்துல ரெண்டு கையெழுத்து ஏன்?

டிசைன் படிக்கிற பாளையங்கோட்டைக்காரன்:
ஆச்சி வீட்டுப் பூசையறையில வள்ளி தெய்வானையோட ஒரு முருகன் படம். ஓரத்துல சி. கொண்டைய ராஜுன்னு கையெழுத்து, பக்கத்துலயே டி.எஸ். சுப்பையான்னும் இருக்கு. அடியில ஒரு ஜவுளிக்கடை பேரு. எங்க வகுப்புல வெளிநாட்டு போஸ்டர்க்காரங்களத்தான் சொல்லித்தாராங்க. இவரு யாரு?

டவுன் கண்ணாடிக்கடை:
தம்பி, நெல்லையப்பர் கோயில் ரதவீதியில படத்துக்குக் கண்ணாடி போட்ட ஆளு நான். இவரு கை பட்ட சாமி என் கடைக்கு வராத வாரம் கெடையாது.

1898-ல பொறந்தவரு. மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சாரு, திருவண்ணாமலை ரமணாசிரமத்துல கொஞ்சகாலம் இருந்தாரு, அப்புறம் நாடகக் கம்பெனிக்கு சீன் எழுத, அதாவது மேடைக்குப் பின்னாடி தொங்குற திரையில படம் வரையப் போனாரு. 1940-கள்ல கோவில்பட்டியில தங்குனவரு, கல்யாணங்காச்சி இல்லாம 1976-ல காலமானாரு. கோவில்பட்டி அப்ப நம்ம ஜில்லாதான், தூத்துக்குடி பிரிஞ்சதே 1986-ல.

சீன் எழுதுன கைங்கிறது படத்தப் பாத்தாலே தெரியும். பின்னாடி மண்டபம், தூணு, ஒதுக்கிக் கட்டுன திரை. சாமி மட்டும் ராஜபார்ட் மாதிரி முன்னுக்கு வந்து நிக்கும், கண்ணு நேரா உன்னத்தான் பாக்கும். கடைச் சுவத்துல தொங்குற சாமான்லா, தெருவுல போறவனுக்கும் எந்தச் சாமின்னு தெரியணுமே!

சுப்பையா அவரு சிஷ்யரு. ராமலிங்கம்னு இன்னொருத்தரும் உண்டு. குருவும் சிஷ்யரும் சேந்து வரைஞ்ச படத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவாவ.

சிவகாசியில படத்த மொத்தமா அடிச்சு, கீழ வெத்தெடம் விட்டு வச்சிருப்பாவ. ஆர்டர் வந்தப்புறம் கடைப் பேரு மட்டும் தனியா ஏறும். பிரேம் போட வாறவுக மொத வேலையா அந்தப் பேர வெட்டச் சொல்லுவாவ. சாமிக்குக் கீழ ஜவுளிக்கடை எதுக்குன்னு. கத்தி கொஞ்சம் மேல ஏறுச்சுன்னா கையெழுத்தும் சேந்து போயிரும். நீ பாத்தது தப்பிச்ச படம்.

சிவகாசி மாப்பிள்ளை:
அண்ணாச்சி, எல்லாம் ரவிவர்மா காப்பின்னுல்லா சொல்லுதாவ?

டவுன் கண்ணாடிக்கடை:
எடுத்துக்கிட்டது உண்டு, யாரு இல்லைங்கா? ரவிவர்மா படத்துல வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும், மத்த பக்கம் இருட்டு நிக்கும். என் கண்ணுக்கு, இவரு படத்துல இருட்டுக்கே எடமில்ல. மாலை, கிரீடம், ஒட்டியாணம்னு கோயில் அலங்காரம் முழுசா எறங்கியிருக்கும். அத எந்த ரவிவர்மாட்ட பாத்தாரு?

டிசைன் படிக்கிற பாளையங்கோட்டைக்காரன்:
கண்ணாடி கீறியிருக்கு அண்ணாச்சி, மாத்தலாமா?

டவுன் கண்ணாடிக்கடை:
மாத்து. லேமினேஷன் வேண்டாம். தாளு கண்ணாடியில ஒட்டாம இருக்க சுத்தி அட்டை வச்சு போடச் சொல்லு. ஜவுளிக்கடை பேர வெட்ட விட்ராத.