பெரிய வீட்டுக் குழு, சுங்கை சிப்பூட், மலேசியா

ராணி அக்கா: தமிழ்ப்பள்ளி நிதி ஓட்டத்துக்குப் பேர் குடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. நம்ம வீட்ல யாரு யாரு?

சுரேஷ்: நான் 5 கிலோமீட்டர். பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில 60 வெள்ளிக்கு ஒரு சப்பாத்து பார்த்து வெச்சிருக்கேன்

குணா சித்தப்பா: வாங்காதே. எடை எவ்வளவு இப்ப?

சுரேஷ்: 96

ராணி அக்கா: தீபாவளிக்கு 90ன்னே

கவிதா: முறுக்கு யாரு சுட்டது?

குணா சித்தப்பா: சுரேஷு, காலை நனைச்சுப் பழுப்புத் தாள் மேல முழு எடையும் குடுத்து நில்லு. பாதம் முழுசும் பதிஞ்சா தட்டைப் பாதம். குதிகாலும் முன்பாதமும் ஒரு மெல்லிசான கோட்டுல சேர்ந்தா உயர்ந்த வளைவு. நடுவுல பாதி பதிஞ்சா சாதாரணம். இதை மட்டும் நம்பி வாங்கிடாதே. அமெரிக்க ராணுவத்துல பாத வடிவம் பார்த்துச் சப்பாத்து குடுத்தாங்க, காயம் பெரிசா ஒண்ணும் குறையல. உன் பழைய சப்பாத்தை மேசையில வெச்சுப் பின்னால இருந்து பாரு. உள்பக்கமா சாஞ்சிருந்தா, அப்படிச் சாயாமத் தாங்கற ஸ்டெபிலிட்டி வகை போட்டுப் பாரு, அசிக்ஸ் கம்பெனி காயானோ மாதிரி. நேரா நின்னா அந்தத் தாங்கல் இல்லாத நியூட்ரல், அதே கம்பெனி நிம்பஸ் மாதிரி. குதிகால் வெளி ஓரம் தேயறது எல்லாருக்கும் உள்ளதுதான், அதுக்குப் பயப்படாதே.

பழனி மாமா: அப்பா சாதா ரப்பர் சப்பாத்துலதான் தோட்டத்துல ரப்பர் மரத்துப் பால் வெட்டப் போனாரு

குணா சித்தப்பா: மாமா, அது நடை. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு விழும். இவனுக்கு 200 கிலோ வரும். மெத்துன்னு இருக்கற சில மலிவு நுரை அப்படியே அமுங்கிப்போய் எழும்பாது. கடையில முன்னும் பின்னும் பிடிச்சு வளைச்சுப் பாரு, விரல் மடங்கற இடத்துல வளையணும். நடுவுல மடங்குச்சுன்னா வெச்சிட்டு வந்துடு. அடிப்பாகம் அகலமா இருக்கணும். போட்டிக்குன்னு விக்கிற எடை கம்மியான சப்பாத்து உனக்கு வேணாம்.

சுரேஷ்: முத்து அண்ணன் வீட்ல பெட்டி பிரிக்காம ஒண்ணு இருக்கே, 5 வருஷமா

முத்து: யார் தரேன்னு சொன்னா?

ராணி அக்கா: கூலர் பாக்ஸும் அங்கதான் இருக்கு

முத்து: அக்கா இதுல எதுக்கு அது

பழனி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குணா சித்தப்பா: முத்து வீட்டுச் சப்பாத்தை எடுக்காதீங்க. சில அடிப்பாகம் பியூ நுரை, பாலியூரித்தேன். நம்ம ஊரு ஈரத்துல பெட்டிக்குள்ளயே இத்துப்போகும். ஓடும்போது பாளம் பாளமா உதிரும், வழுக்கி விழுவான்.

பத்மா அத்தை: குணா எனக்கும் நடக்க ஒண்ணு. இனிப்பு நீர் இருக்கு தெரியும்ல

குணா சித்தப்பா: அத்தை, நீங்கதான் கவனமா இருக்கணும். விரல் பக்கம் அகலமா, உள்ள தையல் உறுத்தாததா வேணும். போடறதுக்கு முன்னாடி உள்ள கை விட்டுப் பாருங்க, சின்னக் கல்லு கூடத் தெரியாமப் புண்ணாக்கிடும். ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வெச்சுப் பாருங்க. மரத்துப்போன மாதிரி இருந்தா கிளினிக்ல காட்டிட்டு அப்புறம் வாங்கலாம்.

கவிதா: அளவு?

குணா சித்தப்பா: சாயங்காலம் போங்க, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடற காலுறையோட ரெண்டு காலும் போட்டு நின்னு, நீளமான விரலுக்கு முன்னால கட்டைவிரல் அகலம் இடம் விடணும். கால் அகலம்னா 2இ, 4இன்னு அகல அளவு கேளுங்க. ஒரு நம்பர் பெரிசா எடுத்தா குதிகால் வழுக்கி நகம் கறுத்துடும். வாங்கினதைப் படாங் திடல்ல ரெண்டு மூணு தடவை ஓடிப் பழக்கணும், ஓட்டத்தன்னைக்குப் புதுசு கூடாது. வெயில்ல மூடின காடிக்குள்ள போட்டு வெக்காதீங்க, பசை விட்டுடும்.

சுரேஷ்: சப்பாத்துக் கடைக்கு ஈப்போ போகணுமா?

ராணி அக்கா: சனிக்கிழமை கோயில் உபயம் நம்மளுது

முத்து: காடி ஒர்க்‌ஷாப்ல

பத்மா அத்தை: ஞாயிறு?

கவிதா: எனக்குத் தெரியல, பார்ப்போம்

குணா சித்தப்பா: எந்த நாளா இருந்தாலும் சாயங்காலம்

ராணி அக்கா: முதல்ல பேர் குடுக்கறது யாரு? சுரேஷ் மட்டும்தானா?