ஏற்காடும் கொல்லிமலையும் புல்லட்டில் போகிறோம், பின்சீட்டில் வருபவள் கேட்கிறேன்

அழகாபுரம் மல்லிகா:

வணக்கம். நாங்கள் சேலம்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள், வீட்டில் நானும் அவரும் மட்டும். ரொம்ப வருஷமாகத் தள்ளிப்போட்ட ஆசை ஒன்று உண்டு, பைக்கிலேயே ஏற்காடு ஏறி ஒரு ராத்திரி தங்கி, அடுத்த நாள் கொல்லிமலை ஏறி அங்கேயும் தங்கி, சோளக்காடு, ஆகாயகங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில் எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று. மார்கழியில் போகலாம் என்கிறார். வண்டி புல்லட் 350.

என் கேள்வி வண்டி ஓட்டுவதைப் பற்றி இல்லை, அவர் நன்றாகவே ஓட்டுவார். பின்னால் உட்காருகிற நான் என்ன செய்ய வேண்டும் என்று யாருமே எழுதுவதில்லை. ஏறும்போது பின்னால் சரிகிற மாதிரி இருக்கிறது, இறங்கும்போது என் பாரம் முழுக்க அவர் முதுகில் போய் விழுகிறது, கீழே வந்து சேரும்போது அவருக்குக் கை மரத்துப் போகிறது. வளைவில் வண்டி சாயும்போது நானும் சாய வேண்டுமா, இல்லை நேராக உட்கார வேண்டுமா? எனக்குக் கொஞ்சம் இடுப்பு வலியும் உண்டு. ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. அடுத்தடுத்த நாளில் இரண்டும் தாங்குமா? போய் வந்தவர்கள், முக்கியமாகப் பின்சீட்டில் போய் வந்தவர்கள், சொல்லுங்கள்.

பின்சீட் பயணி:

தோழி, இதை முதலில் கேட்டதற்கே நன்றி. பின்னால் இருப்பவர் மூட்டை இல்லை, அவர் அசைவதும் வண்டியை அசைக்கும். நான் என் கணவரோடு ஏற்காடு, கொல்லிமலை, ஏலகிரி எல்லாம் போயிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

வளைவில் நீங்களாகச் சாயவும் வேண்டாம், பயந்து எதிர்ப்பக்கம் நிமிரவும் வேண்டாம். இடது வளைவு என்றால் அவருடைய இடது தோளுக்கு மேலாக ரோட்டைப் பாருங்கள், வலது வளைவு என்றால் வலது தோள். பார்வை போனால் போதும், உடம்பு தானாக வண்டியோடு போய்விடும். கொண்டை ஊசியில் வண்டி ரொம்ப மெதுவாகத் திரும்பும், அந்த இடத்தில்தான் நாம் அசையவே கூடாது. போட்டோ எடுக்க, துப்பட்டாவைச் சரிசெய்ய, தண்ணீர் பாட்டிலை எடுக்க என்று எதுவாக இருந்தாலும் நேர் ரோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது கையை அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோய் பெட்ரோல் டேங்க்கில் உள்ளங்கையை ஊன்றுங்கள், எட்டாவிட்டால் ஒரு கை பின்னால் கம்பியில், ஒரு கை அவர் இடுப்பில். தொடையால் லேசாக இறுக்கிப் பிடித்து, ஃபுட்ரெஸ்ட்டில் காலை அழுத்தி வைத்தால் பாரம் அவர் முதுகுக்குப் போகாது. அவருக்குக் கை மரத்துப் போவதில் பாதி இதனாலேயே இருக்கும், ஏனென்றால் நம் எடையையும் சேர்த்து அவர் ஹேண்டில்பாரில் தாங்குகிறார். ஏறும்போது அவரோடு ஒட்டி உட்காருங்கள், இடைவெளி விட்டால்தான் பின்னால் இழுக்கும்.

புடவை வேண்டவே வேண்டாம், ஒருபக்கமாக உட்காருவதும் வேண்டாம். சுடிதார் என்றால் துப்பட்டாவை ஜெர்கினுக்குள் கட்டிவிடுங்கள், செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் உயிர் போகிற விஷயம். ஹெல்மெட் உங்கள் தலை அளவுக்கே வாங்குங்கள். இடுப்புக்கு என் அனுபவம், வலி வருவதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவது. ஏற்காட்டு மலைப்பாதையில் பாதி ஏறியதும் ரோடு அகலமாக இருக்கிற இடத்தில் நிறுத்தி நாலு எட்டு நடங்கள். கீழே வெள்ளை வெள்ளையாக மேக்னசைட் சுரங்கம் தெரியும், நம் ஊரை மேலிருந்து பார்ப்பது தனி சந்தோஷம். வளைவிலோ வளைவை ஒட்டியோ மட்டும் நிறுத்தாதீர்கள். குரங்கு இருக்கும், தின்பண்டப் பையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை ஒர்க்‌ஷாப்:

அக்கா, மேலே சொன்னது அத்தனையும் சரி. வண்டிப் பக்கம் நான் சொல்கிறேன், இதை அண்ணனிடம் காட்டுங்கள்.

பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை டைட் வைக்கிற படி இருக்கிறது, தனியாகப் போகிற செட்டிங்கிலேயே பலர் ஜோடியாக மலை ஏறுகிறார்கள், வண்டி பின்னால் அமுங்கி முன்சக்கரம் லேசாகிவிடும். உங்களுக்குப் பின்னால் சரிகிற மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புறப்படும் முன் ஒன்றிரண்டு படி ஏற்றச் சொல்லுங்கள், இடுப்பில் வாங்குகிற அடியும் குறையும். பின் டயர் காற்று இரண்டு பேருக்கு எவ்வளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கும், டயர் சூடாவதற்கு முன் பிடிக்க வேண்டும். செயின் லூஸ் பார்க்கும்போது நீங்கள் இரண்டு பேரும் வண்டியில் உட்கார்ந்தும் ஒரு தடவை பாருங்கள், பாரம் ஏறினால் செயின் இழுவை மாறும். பையைச் சீட்டுக்குப் பின்னால் உயரமாகக் கட்டாதீர்கள், இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்குகிற பைதான் நல்லது.

இப்போது முக்கியமானது. எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது, கிளட்சைப் பிடித்தபடியே இறங்குவது, இரண்டும் ஆபத்து. இஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக் அதற்கு உதவிக்குத்தான். விடாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகி, அழுத்தினாலும் பிடிக்காமல் போகும், இரண்டு பேர் எடை என்றால் அது இன்னும் சீக்கிரம் வரும். கருகுகிற வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். கை மரத்துப் போவதற்கு இன்னொரு காரணம் இந்த பிரேக்கும் கிளட்சும்தான். செகண்ட் கியரில் விட்டு இறங்கினால் கைக்கு வேலை பாதியாகிவிடும்.

கொண்டை ஊசியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், சில சமயம் ஒரு தடவை பின்னால் வந்துதான் திரும்பும். கீழேயே நின்று அது திரும்பி முடித்த பிறகு போகலாம். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்கும்போது இதை மறக்கக் கூடாது.

நாகலூர் காப்பிக்காரன்:

சகோதரி, எங்கள் ஏற்காட்டுக்கு வாருங்கள். மார்கழி நல்ல காலம், காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கிற நேரம், ரோட்டோரமாகவே களத்தில் கொட்டையைக் காயப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் பனி இருக்கும். சாயங்காலம் லூப் ரோட்டில் சுற்றக் கிளம்பாதீர்கள், அது சுமார் 32 கிலோமீட்டர், காலை வெயில் வந்த பிறகு போனால் காப்பித் தோட்டமும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுமாக வழி முழுக்க நிழல். எங்கள் பக்கம் காட்டெருமை உண்டு. கண்டால் ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், அதுவாகப் போகும்.

கூட்டம் பிடிக்காது என்றால் ஏரியைத் தாண்டி சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும், வெளியே மலை உச்சியில் பெரிய மைதானம் மாதிரி சமதளம். சர்ச் பக்கம் போனால் ராபர்ட் புரூஸ் ஃபுட் நினைவிடம் இருக்கிறது. 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர், கடைசிக் காலத்தில் வாழ்ந்தது இங்கேதான். வருகிறவர்கள் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சனி, ஞாயிறு வேண்டாம். முடிந்தால் செவ்வாய், புதன் வாருங்கள்.

அழகாபுரம் மல்லிகா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அவர் உட்கார்ந்து முழுக்கப் படித்தார், நாளைக்கே ஷாக் அப்சார்பரைப் பார்க்கிறேன் என்கிறார். இன்னும் ஒன்று மட்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கிய அன்றே கொல்லிமலை ஏறுவதா, நடுவில் ஒரு நாள் விடுவதா?

பின்சீட் பயணி:

இடுப்பு வலி இருக்கிறது என்பதால் நான் நடுவில் வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தூங்கச் சொல்வேன், சேலம் வழியில்தானே இருக்கிறது. அடுத்த நாள் விடியற்காலையில் கிளம்பி ராசிபுரம் வழியாகக் கொல்லிமலை அடிவாரமான காரவள்ளி போய்விட்டால் வெயில் ஏறும் முன் 70 வளைவையும் முடித்துவிடலாம். டேங்க்கைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே வளைவுகள் ஏற்காட்டைவிட நெருக்கம், ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வரும், அதனால் ஏற்காட்டில் பழகிவிட்டுப் போவதுதான் சரியான வரிசை. ஆகாயகங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும், அதை மலை ஏறிய அன்றைக்கே வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று கோயிலோடு நிறுத்திவிட்டு, அருவிக்கு மறுநாள் காலை போங்கள். அருவிக்குப் போன காலோடு உடனே வண்டியில் ஏறி இறங்க வேண்டாம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, இருட்டுவதற்கு முன் அடிவாரம் வந்துசேருகிற மாதிரி கிளம்புங்கள்.