மீனை அறுத்தால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள், அவசரம்

தூண்டில்காரன்: இன்று பிடித்த மீனை அறுத்தேன். உள்ளே கருஞ்சிவப்பாக ஒரு உறுப்பு, அதில் கடுகு அளவில் வெள்ளைப் புள்ளிகள். சாப்பிடலாமா? ராத்திரி குழம்பு வைக்கணும், சீக்கிரம் சொல்லுங்கள்.

செவுள்: என்ன மீன்? எந்த ஊர்?

கடல்பாசி: புழுதான். நன்றாக வெந்தால் செத்துவிடும்.

தூண்டில்காரன்: ஹவாய், ஓவாஹு. மஞ்சள் உடம்பில் நான்கு நீலக் கோடு. டாஅப்பே என்பார்கள்.

மண்டபத்தான்: முதலிலேயே சொல்ல வேண்டாமா தம்பி? மன்னார் வளைகுடாவில் இது சொந்த ஊர் மீன். ஹவாயிலோ 1958இல் பசிபிக் கடலின் மார்க்கேசஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து விட்டது. அதன் மண்ணீரலில் எபிதீலியோசிஸ்டிஸ் போன்ற பாக்டீரியா இருப்பதாக 2003இல் ஆய்வே வந்திருக்கிறது. பொதுவாகச் செவுளிலும் தோலிலும் வரும் நோய் அது. படித்துவிட்டுப் புழு என்று சொல்லுங்கள்.

செவுள்: அதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள் ஐயா, வெறும் கண்ணில் இல்லை. கடுகு அளவு என்றால் எனக்கு மைக்கோபாக்டீரியம் என்ற பாக்டீரியா மேல்தான் சந்தேகம். மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் முடிச்சு முடிச்சாகக் கட்டும். தம்பி, அறுக்கும்போது முள் குத்தியதா? புண் வழியாக நமக்கும் ஏறும், கட்டி வரச் சில வாரம் ஆகும்.

கடல்பாசி: வந்தேறி மீன் நோயையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறது. பிடித்துத் தின்றே ஒழிக்கணும்.

மண்டபத்தான்: கொண்டுவந்ததா, வந்த இடத்தில் ஒட்டியதா? 1956இல் மூரியா தீவிலிருந்து ரோய் என்ற களவா மீனையும் ஹவாய்க்குச் சாப்பிடத்தான் கொண்டுவந்தார்கள். அதன் சதையில் சேரும் சிகுவாடெரா நஞ்சுக்குப் பயந்து பலர் தொடுவதில்லை.

கடல்பாசி: அதையும் வேகவைத்தால் சரியாகிவிடும்.

மண்டபத்தான்: ஆகாது. அது கிருமி இல்லை, நஞ்சு. எவ்வளவு கொதித்தாலும் போகாது. இப்படிச் சொல்லி யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள்.

செவுள்: சண்டை அப்புறம். தம்பி, புள்ளி உள்ள மீனைக் குழம்பில் போடாதீர்கள். அந்த உறுப்பைச் சின்னத் துண்டாக வெட்டி திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் போட்டால் சோதிக்கலாம். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், திசு உடைந்துவிடும்.

தூண்டில்காரன்: ஃப்ரீசரில் வைத்துவிட்டேனே. கட்டைவிரலில் முதுகு முள் ஏறியது உண்மைதான்.

செவுள்: உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு மாதத்துக்குள் கட்டியோ ஆறாத புண்ணோ வந்தால், மீன் முள் குத்தியது என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

தூண்டில்காரன் (ஐந்து வாரம் கழித்து): விரலில் பட்டாணி மாதிரி கட்டி. மீன் முள் என்று சொன்னதும் டாக்டர் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டார். நன்றி செவுள் அண்ணா.